ஒரே அச்சில் பிறந்தவை

"அப்பா, ஒரே அச்சுல பொறந்த ரெண்டு காசையும் அதோட அம்மா எப்படி அடையாளம் கண்டுபிடிப்பா?"

ஈனாஸ் டெல்ப்பின் மகன் ஜோயல் ஏழு வயதில் கேட்டது. தாய்மாமன் மெர்ல் சேர்த்து வைத்திருந்த பழைய வெள்ளிக் காசுகள்மேல் குனிந்தபடி கேட்டான். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்டா" என்றார் டெல்ப். அந்தக் குளிர்காலமே தொண்டை அடைப்பான் பையனைக் கொண்டுபோய்விட்டது. சொல்லாத பதில் அவரிடமே தங்கிவிட்டது.

இருபது வருடங்கள் கழிந்தன. டெல்ப் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மனைவியும் போய்ச் சேர்ந்தாள். லங்காஸ்டர் பக்கத்தில் நவம்பர் மழை பிடித்தால் விடாது. அப்படியொரு காலையில் அவரும் மெர்லும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, லெட்டி அம்பர்கர் நனைந்த தலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பாவைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க ஐயா."

அவள் அப்பா டோபியாஸ், லூத்தரன் தேவாலயத்தில் மணியடிப்பவர். அடுப்பு மூட்டுவது, கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பது எல்லாம் அவரே. வாலிபத்தில் ஒரு பண்ணையில் குதிரைச் சேணம் திருடிச் சிறைக்குப் போய் வந்தவர். ஊர் அதை மன்னித்துவிட்டது, மறக்கவில்லை.

டெல்ப் அவளை உட்காரவைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"முதல்ல இருந்து சொல்லும்மா. அவசரமில்லை."

திங்கட்கிழமை மாலை, தேவாலயத்தின் அடித்தள அறையில் நாணயச் சங்கம் கூடியிருக்கிறது. பச்சைத்துணி விரித்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவர் காசையும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கண்புரை விழுந்த கிழவர் ஹார்லன் ஈபி, தம் 1795ஆம் ஆண்டு அரை டாலரைச் சுற்றுக்கு விட்டார். நடுவில் டோபியாஸ் வந்து அடுப்பில் கரி போட்டுவிட்டு, எல்லோருக்கும் காப்பி வைத்துவிட்டுப் போனார். கூட்டம் முடிந்து பார்த்தால் ஈபியின் காசு உறை காலி.

"கான்ஸ்டபிள் ஹெஸ் வந்தாரு. ஈபி தாத்தாவுக்குக் கண்ணு சரியில்லைன்னு, காசு எப்படி இருக்கும்னு பல் டாக்டர் கிளெம் கிரேபில்தான் சொன்னாரு. கழுகோட சிறகுல இருந்து விளிம்பு வரைக்கும் வெடிப்பு, பெண் முகத்துக் கன்னத்துல சாய்வா அரம் போட்ட மாதிரி கோடுன்னு. அப்புறம்தான் எங்க அறையைச் சோதனை போட்டாங்க. அம்மாவோட சீப்பு வெச்சிருந்த தகர டப்பாவுல அதே மாதிரி காசு இருந்துச்சு."

"அதே மாதிரியா?"

"வெடிப்பும் இருக்கு, கோடும் இருக்கு. ஆனா அது செத்துப்போன எங்கம்மா எஃபியோடது! அவங்க தாத்தா குடுத்தது. போன மாசம் அப்பா அதை டாக்டர்கிட்ட கொண்டுபோய் என்ன காசுன்னு கேட்டிருக்காரு. டாக்டர் விலைக்குக் கேட்டாராம். எஃபியோட நினைவுக்கு இது ஒண்ணுதான் இருக்குன்னு அப்பா முடியாதுன்னுட்டாரு. இப்போ டாக்டர், நான் அதைக் கண்ணாலயே பார்த்ததில்லைங்கிறாரு." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறாங்க. பழைய குற்றத்தையும் சேர்த்தா வருஷக் கணக்குல போட்டுருவாங்களாம். அவருக்கு ஏற்கனவே நெஞ்சுச் சளி ஐயா. உள்ளேயே செத்துடுவாரு."

அவள் போனபின் மெர்ல் தலையை ஆட்டினான். மருந்துக் கடைக்காரன், சங்கத்தில் பழைய உறுப்பினன், எதிலும் அவசரம்.

"பாவம்தான் அத்தான். ஆனா காசு பொய் சொல்லாது. அடிக்க அடிக்க எஃகு அச்சு வெடிக்கும். அதுக்கப்புறம் விழுற காசுல எல்லாம் அந்த வெடிப்பு ஒரு மேடான கோடா வரும். இந்த வெடிப்பு உள்ளது நாடு முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிடலாம். அதுல ரெண்டு இதே ஊர்ல, அதுவும் கரி அள்ளுறவர் டப்பாவுலயா?"

"ரெண்டு இருக்கக் கூடாதுன்னு சட்டமா மாப்ள?"

"சட்டம் இல்ல. இருந்தாலும்..."

"தொப்பியை எடு."

போலீஸ் நிலையத்தில் ஹெஸ் காசைத் துணியோடு எடுத்து வைத்தார். டெல்ப் பூதக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின்பக்கத்தில் வெடிப்பு தெளிவாக இருந்தது. முன்பக்கம் திருப்பினார். விரிந்த கூந்தலோடு பெண் முகம். கன்னத்தில் சாய்ந்த கோடுகள்.

"இது என்ன மாப்ள, யாராவது கீறினதா?"

"அட, அதை விடுங்க. அந்தக் காலத்துல எடை கூடின வெறும் வெள்ளி வில்லையை அரத்தால ராவிச் சரிபண்ணுவாங்க. அந்தத் தடம். எங்களுக்கு அது அழுக்கு மாதிரி. அச்சு எதுன்னு பார்ப்போம், இதை எவன் பார்ப்பான்?"

"ராவுறது அச்சு அடிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். அச்சு விழுந்ததும் கோடு பாதி நசுங்கிடும். இதோ, கூந்தல்கிட்ட மறைஞ்சு போகுது பாருங்க. அப்புறமா கீறினா கூந்தலையும் சேர்த்து வெட்டியிருக்கும்."

டெல்ப் ஹெஸ்ஸிடம் திரும்பினார். "டாக்டர் இந்தக் கோட்டைப் பத்திச் சொன்னது எப்போ? டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான் சார். அவர் சொன்னதை வெச்சுத்தானே நாங்க இதுதான்னு முடிவு பண்ணோம்."

பின்கொட்டடியிலிருந்து இருமல் கேட்டது. டெல்ப் உள்ளே போய்க் கம்பிக்கு வெளியே நின்றார். டோபியாஸ் எழுந்திருக்க முயன்றார்.

"உக்காருங்க டோபியாஸ்."

"நான் எடுக்கலைங்க."

"தெரியும்."

இருபது குளிர்காலமாக, எவ்வளவு பனி கொட்டினாலும், ஜோயலின் கல்லறைக்குப் போகும் பாதை மட்டும் காலையில் வாரப்பட்டுக் கிடக்கும். யாரென்று டெல்ப் விசாரித்ததில்லை. டோபியாஸும் சொன்னதில்லை. டெல்ப் தம் கம்பளிக் கழுத்துத்துணியைக் கழற்றிக் கம்பி வழியாக உள்ளே கொடுத்தார்.

வெளியே மழையில் நின்றபடி கேட்டார்: "மாப்ள, ஈபியோட காசுமேல ஈயத்தாளை அழுத்தி நீ ஒரு பிரதி எடுத்தியே, போன வருஷமோ என்னமோ. பத்திரமா இருக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு. எதுக்கு?"

"வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லு. அதையும் கொண்டு வா."

வியாழன் மாலை, அதே அடித்தளத்தில் அதே பச்சைத்துணி. ஈபி, டாக்டர் கிரேபில், மெர்ல், சங்கத்தார் சிலர், லெட்டி. ஹெஸ் டோபியாஸை அழைத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். யாரும் டோபியாஸ் முகத்தைப் பார்க்கவில்லை.

டெல்ப் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நீங்க எல்லாரும் அச்சைப் படிச்சவங்க. வெடிப்பு ஒத்துப்போச்சு, அதனால காசு ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டீங்க. ஆனா வெடிப்பு, பொறப்புல வர்ற சாடை. கூடப் பொறந்த எல்லாருக்கும் அது இருக்கும். இவன்தான் அவன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. மெர்ல், அந்த ஈயத்தாளைக் குடு."

மெர்ல் மேசைமேல் வைத்தான். விளக்கைச் சாய்த்ததும் முகம் துலங்கியது.

"இது மிஸ்டர் ஈபியோட காசு. கன்னத்தைப் பாருங்க."

ஒருவர் குனிந்தார். "வழவழன்னு இருக்கு."

"டோபியாஸோட காசுல அரக் கோடு இருக்கு. அச்சு விழறதுக்கு முன்னாடியே விழுந்த கோடு; போன வருஷத்துக்கப்புறம் யாரும் போட்டிருக்க முடியாது. அப்படின்னா இது ரெண்டும் ரெண்டு காசு."

"அடக் கடவுளே" என்றான் மெர்ல். "நானே ஒரு வருஷமா வெச்சிருந்தேன், கன்னத்தைப் பார்க்கவே இல்லையே!"

"அடையாளம் சொல்லுங்கன்னு கேட்டப்போ ஒருத்தர் கன்னத்துக் கோட்டைச் சொன்னார். தொலைஞ்ச காசுல அது கிடையாது. டோபியாஸ் காசுல மட்டும்தான் உண்டு. டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பார்க்காத காசுக்கு அவர் எப்படி அடையாளம் சொன்னார்?"

அடுப்பில் கரி சரியும் சத்தம் கேட்டது. டாக்டர் கிரேபில் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈபி கிழவர் மங்கிய கண்களை அவர் பக்கம் திருப்பினார். "கிளெம்? முப்பது வருஷமா என் பக்கத்துல உக்கார்றியேடா."

"தொண்ணூத்தஞ்சாம் வருஷத்து அச்சு எல்லாம் சேர்த்துட்டேன் ஹார்லன்." டாக்டரின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "காசு வைக்கிற தட்டுல ஒரே ஒரு குழி காலி. தினமும் திறந்து அந்தக் குழியையே பார்ப்பேன். இவர்கிட்ட கெஞ்சினேன், குடுக்கலை. உன்கிட்டயும் கேட்டேன், நீ சிரிச்ச."

"நான் விளையாட்டுக்குச் சிரிச்சேன்டா..."

"எடுத்தது கூட ஒரு நொடிப் புத்தி. இந்த மனுஷன்மேல போட்டதுதான்..." அவர் முடிக்கவில்லை. எழுந்து தொப்பியை எடுத்தார். "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன்."

ஹெஸ்ஸும் எழுந்தார். டெல்ப் கையை அசைத்தார். "தனியாப் போகட்டும் ஹெஸ். வருவார்."

"ஓடிட்டா அத்தான்?" என்று மெர்ல் காதில் கிசுகிசுத்தான்.

"உன் பல்லை நீயே பிடுங்கிக்க வேண்டியதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். ஜன்னலில் மழை தடித்து, ஆலங்கட்டியாக விழத் தொடங்கியது. கடைசியில் படியில் காலடி கேட்டது. டாக்டர் சொட்டச் சொட்ட வந்து, காசை ஈபியின் உள்ளங்கையில் வைத்தார். கிழவர் விரலை மூடினார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் நடுங்கியபடி நின்றார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை; யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அடுப்போரம் டோபியாஸ்தான் சிரமப்பட்டு எழுந்தார். டாக்டரின் நனைந்த கோட்டைத் தோளிலிருந்து கழற்றி, உதறி, அனல் படும் இடத்தில் மாட்டினார்.

"சளி பிடிச்சுக்கும் டாக்டர்" என்றார். அவருக்கே இருமல் வந்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னால் டோபியாஸுக்குப் பதில் டாக்டர் நின்றார். லெட்டியின் அப்பாவுக்கு அதற்குள் காய்ச்சல் கண்டிருந்தது. மெர்ல் மருந்து கொண்டுபோய்க் கொடுத்து, விலை சொல்லாமல் திரும்பினான். நெஞ்சில் இறங்கிய குளிர் லேசில் போகாது. இந்தக் குளிர்காலம் அவர் எழுந்து நடமாடுவதே சந்தேகம் என்று அவன் டெல்ப்பிடம் சொன்னான்.

அன்று பெய்யத் தொடங்கிய பனி ஞாயிறு விடிந்த பிறகும் விடவில்லை.

ஆராதனைக்கு நெடுநேரம் முன்பே டெல்ப் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பாதை எதுவும் தெரியவில்லை; இருபது வருடத்தில் முதல்முறை. கொட்டகையிலிருந்து டோபியாஸின் மண்வாரியை எடுத்துக்கொண்டார். கிழக்கு மதிலோரம், மரத்தடியில் எஃபி அம்பர்கரின் சின்னக் கல் இருந்தது. அந்தக் கல் வரைக்கும் அகலமாகப் பாதை வாரினார். மூச்சு வாங்கியது, நின்று நின்று வாரினார். கல்லின்மேல் இருந்த பனியைக் கையுறையைக் கழற்றி வெறுங்கையால் துடைத்தார். எழுத்துகள் தெரியும்வரை துடைத்தார்.

பிறகு மகனிடம் போனார்.

"தெரிஞ்சுடும்டா" என்றார், தாமதமாக. "அம்மான்னா தழும்பை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவா."

மண்வாரியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டி, டோபியாஸ் மாட்டும் அதே ஆணியில் திரும்ப மாட்டினார். புதிதாக விழும் பனி அவர் வந்து போன தடத்தை மூடிக்கொண்டிருந்தது.