குழிக்குள் ஒரு குழந்தை

செம்பாக்கம் ஏரிப் பக்கம் வானம் இருண்டு கிடந்தது. சந்திரிகா அம்மா வீடு கட்டத் தோண்டிய குழியில் ஒரு பழைய மண்தாழி அகப்பட்டிருந்தது. அதைத் தெருக்காரர்களுக்குக் காட்டுவதற்காக ஆராய்ச்சியாளர் அனுப்பிரியா எல்லோரையும் அழைத்திருந்தார்.

"இது பெருங்கற்கால ஈமத்தாழி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இன்னா மேடம், புரியிற மாதிரி சொல்லுங்க. உள்ள பொணமா கீது?" என்றார் டீக்கடை சிட்டிபாபு.

"எலும்புகள் இருக்கு சார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இறந்த ஒரு சின்னக் குழந்தை."

அவ்வளவுதான்! கூட்டம் பின்னால் நகர்ந்தது.

"பேய் கீய் வந்தா?"

"நாளைக்குக் காலையில கான்கிரீட் லாரி வருது. மூடிடலாம்" என்றார் சந்திரிகா அம்மா.

"ஒரு வாரம் கொடுங்கம்மா. அவசரப்பட்டு எடுத்தா உடைஞ்சிடும்" என்று கெஞ்சினார் அனுப்பிரியா.

பத்து வயது கைனாத் மட்டும் குழியின் ஓரத்துக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். ஒரு விரல் நீள எலும்பு தெரிந்தது. அவள் தம்பி அய்மான் போன வருடம்தான் காய்ச்சலில் போய்விட்டான். அவன் கையும் இவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் மெதுவாக.

"யாருக்குடி சலாம் சொல்ற?" என்றார் சிட்டிபாபு.

"பாப்பாவுக்கு. கபர்ஸ்தான் பக்கம் போனா உள்ள இருக்கிறவங்களுக்கு சலாம் சொல்லணும்னு அத்தா சொல்லியிருக்காங்க. என் தம்பிக்கும் சொல்வேன். சொல்லிட்டா பயமே இருக்காது."

"பேயா வந்துட்டா?"

"இத்தனை வருஷமா வராத பாப்பா, இப்ப உங்க கடைக்கா வரப்போகுது? வந்தாலும் டீ குடிக்காது, மாமா."

யாரோ சிரித்தார்கள்.

சந்திரிகா அம்மா மெல்லக் குழியருகே வந்தார். கைகள் தாமாகக் குவிந்தன. "பக்கத்துல இன்னா அது, கிண்ணமா?"

"ஆமாம்மா. பசிக்குமேன்னு வெச்சாங்களோ என்னவோ. உறுதியாத் தெரியாது" என்றார் அனுப்பிரியா.

"பெத்தவதான் வெச்சிருப்பா." சந்திரிகா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "குமரவேலு, நாளைக்கு லாரி வேணாம்பா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

கைனாத்தின் கன்னத்தில் ஒரு மழைத்துளி விழுந்தது. அடுத்த நொடி சடசடவென்று பிடித்துக்கொண்டது. சிட்டிபாபு கடைக்கு ஓடி, கூரைமேல் கிடந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தார்.

"இன்னா வேடிக்கை பாத்துகினு நிக்கறீங்க? ஆளுக்கொரு முனை பிடிங்க. கொழந்த நனையுது!"