பூட்டிய பெட்டியில் ஓர் எண்

பிற்பகல் 3.10. தத்துவத் துறைத் தலைவர் தன் அறையின் இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே காலி. ஒன்பது ஆண்டுகளாக மைப்பேனாவால் எழுதிய நூல், நானூறு தாள், மேஜைக்கடியில் தரை துடைக்கும் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. வேறு பிரதி கிடையாது. கணினி என்றாலே மனிதருக்கு வேப்பங்காய்.

3.40. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. என் ஆராய்ச்சி மாணவிதான். நூத்துக்கு நூறு. அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் பையில, இன்னொண்ணு அவ மேஜையில."

அவளை நீக்கும் கடிதத்தில் அதற்குள் கையெழுத்தே போட்டுவிட்டார். அது போய்ச் சேர்ந்தால் அவளுடைய ஆறு வருடப் படிப்பு பாழ். மேலே வழக்கு வேறு.

மாணவி சுவரோரம் நின்றாள். கண் சிவந்திருந்தது, குரல் உடையவில்லை. "ஒன்பது மணிக்கு வந்தேன். அப்புறம் லைப்ரரிக்குப் போயிட்டேன். என் மேஜைய நான் பூட்டறதில்ல. சாவிய யார் வேணா எடுக்கலாம்."

"அளந்து பேசறா பாருங்க!" என்று தலைவர் சீறினார்.

அடுத்தவர் இணைப் பேராசிரியர். எதையும் நிறுத்துப் பேசுவதால் துறையில் அவருக்குத் தராசு என்று பெயர்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு மேடம். போன வாரம் சார் அவளை எல்லார் முன்னாடியும் திட்டினார். மனசுல வெச்சிருப்பா."

"புத்தகம் போனது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சார் கத்தினப்போதான். அதுவரைக்கும் இந்த மாசமே அச்சுக்குப் போயிடும்னு உறுதியா நம்பிட்டிருந்தேன்."

சுவரில் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று தொங்கியது. இன்ஸ்பெக்டர் அதைத் தட்டினார். "இது என்ன சார், உண்டியலா?"

தலைவர் எரிச்சலோடு விளக்கினார். மனிதன் எதை நம்புகிறான், எவ்வளவு இறுக்கமாக நம்புகிறான் என்பதுதான் அவர்கள் துறையின் ஆராய்ச்சி. மாதம் ஒரு வாக்கியம் பலகையில் எழுதப்படும். தலைவரைத் தவிர மற்றவர்கள் தினமும் இரண்டு மணிக்குள், அதை நூற்றுக்கு எத்தனை பங்கு நம்புகிறோம் என்று சீட்டில் பெயரும் எண்ணும் தேதியும் எழுதிப் போட வேண்டும். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. மாதக் கடைசியில் திறந்து மதிப்பெண். பொய்யாய்ப் போவதை அழுத்தி நம்பியவனுக்குப் பலத்த அடி.

"யார் முதல்?"

"பதினோரு வருஷமா தராசுதான்."

"நூறு போடக் கூடாதா?"

"கூடாது. நூறுன்னா, என்ன ஆதாரம் வந்தாலும் மனச மாத்திக்க மாட்டேன்னு அர்த்தம். அது முட்டாள்தனம்."

"அந்தப் பொண்ணு விஷயத்துல மட்டும் நூறு போட்டீங்களே?"

தலைவர் முறைத்தார். இன்ஸ்பெக்டர் பலகையைப் படித்தார்: 'தலைவரின் நூல் இந்த மாதத்துக்குள் அச்சுக்குப் போகும்.'

"பெட்டியத் திறங்க."

"மாசக் கடைசியிலதான் திறக்கணும்," என்றார் தராசு. "முறைன்னு ஒண்ணு இருக்கு."

"உங்க முறை உங்களோட. திறங்க சார்."

4.25. சீட்டுகள் மேஜையில் ஆளுக்கொரு வரிசையாகப் பரவின. மாணவியுடையவை 85, 86, 88. இன்றும் 88. தராசுடையவை 90, 91, 91. இன்றைய சீட்டில் 1.

"நேத்து தொண்ணூத்தொண்ணு. இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள ஒண்ணு. சார் கத்தினது மூணு பத்துக்கு. நடுவுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

தராசு அந்தச் சீட்டை எடுக்கக் கை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காலையில சார் வகுப்புக்குப் போனதும் இவ மேஜையில சாவிய எடுத்தீங்க. தாளெல்லாம் வாளிக்குள்ள போச்சு. அப்புறம் சீட்டு எழுத உட்கார்ந்தீங்க. வழக்கம்போலத் தொண்ணூறு போட்டிருந்தா உங்க மேல யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. ஆனா அது பொய்யாப் போகும்னு உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். மதிப்பெண் போயிடுமே! மாசக் கடைசிக்குள்ள இந்தப் பொண்ணு தலையில பழி விழுந்து விஷயம் ஆறிடும்னு நெனச்சீங்க."

"அந்த நூல்ல நாப்பது பக்கம் என்னைக் கிழிச்சிருக்கார்!" தராசு வெடித்தார். "என் வாழ்நாள் வேலைய உளறல்னு எழுதியிருக்கார்! தண்ணியில போட்டதுக்கு நான் வருத்தப்படல. உங்ககிட்டப் பொய் சொன்னேன், அதுக்கும் வெக்கமில்ல. ஆனா அந்தப் பெட்டிக்குப் பொய் சொல்ல என் கை வரல."

கான்ஸ்டபிள் அவரை அழைத்துப் போனார்.

தலைவர் நீக்கக் கடிதத்தைக் கிழித்தார். குரல் தேன் மாதிரி இறங்கிவிட்டது. இதை எழுதும் எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் தராசு மேல்கூட வரவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. நான் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தவ நீ. பாதி நூல் உனக்கு மனப்பாடம். திங்கட்கிழமையிலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சிடலாமா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆறு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன் சார். 'நீயா செஞ்சே?'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.