கோடையில் வியர்த்த உப்பு

மழைக்காலத்தில் உப்பு வியர்க்கும். கடலோரத்தில் அது அதிசயமில்லை. உதடு வெடிக்கிற கோடையில் மட்டும் ஒருநாளும் வியர்க்காது.

மத்தியானம் கிடங்கைத் திறந்து உள்ளே வந்த தங்கை வியர்த்த உப்பைத்தான் பார்த்தாள். மழைக்கு முன் குவித்த உப்பு. அடியில் ஓர் ஓரம் மட்டும் நசநசவென்று ஈரம். ஆள் படுத்து எழுந்த பாயின் வாடை.

கிடங்கு மேஸ்திரி அவள் அண்ணன். வாடைக்காற்றோடு முதல் மழை இறங்கிய அன்று, இந்தக் குவியலை மூட அவனும் அவள் வீட்டுக்காரரும்தான் வந்தார்கள். திரும்பியது அண்ணன் மட்டும். மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போய்விட்டார் என்றான். செருப்பைக்கூடப் போடாமலா என்று கேட்டாள். அவசரமாம். இப்போது வேறொரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். நாளைக்கு வருகிறார்கள், அவள் தலையாட்ட வேண்டும்.

பின்னாலேயே உள்ளே வந்த அண்ணனிடம் ஈரத்தைக் காட்டினாள். கூரை ஒழுகுது என்றான். வானத்தில் பஞ்சளவு மேகமில்லை.

“காஞ்ச உப்ப அள்ளிப் போட்டு மூடும்மா.”

ஈரம் கண்டால் காய்ந்த உப்பைக் கொட்டுவது உப்பளத்துப் பழக்கம். கை யோசிக்காமல் செய்யும். காய்ந்த உப்பு ஈரத்தை மேலே இழுக்கும் என்பதை இருவருமே நினைக்கவில்லை.

கொட்டிய உப்பும் நனைந்தது.

நனைந்த இடம் நீண்டது.

தலை. தோள். மடங்கிய முழங்கால்.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வேணாம்.”

உதறிவிட்டு வெட்டினாள். உப்பு சரிந்தது. அடியில் களிமண் தரை. காய்ந்து, வெடித்து, சுத்தமாக.

ஒன்றுமில்லை.

அவள் மூச்சு விட்டாள். பாவி, கூடப் பிறந்தவனையே சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு சுட்டது. திரும்பி அவனைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், சோற்றைக் கிளறியும் காயைக் காணாமல் நிற்பதுபோல் நின்றான். அவளைவிட அவன்தான் அதிகம் திகைத்திருந்தான்.

“இங்கதானே...” என்று முணுமுணுத்தான்.

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எங்கோ ஒரு மூலையில் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

“நாளைக்கு யாரும் வர வேணாம், அண்ணே” என்றாள்.

அவன் வெளியே போனான். வெயிலில் முதுகு காட்டி நின்றான். காலையிலிருந்து ஒரு கூடை தூக்காதவனின் வெள்ளைச் சட்டையில், நடு முதுகில், ஈரமாக ஓர் உள்ளங்கை.

அவள் பார்க்கப் பார்க்க அது மெல்லத் தோளுக்கு ஏறியது. பிறகு கழுத்தை நோக்கி விரல் விரித்தது.