ரோஸ் குடைக்காரி

"கையை எடுங்க சார்... நான்தான் முதல்ல தொட்டேன்!"

"தொட்டது நீங்க மேடம்... தூக்கினது நான்!"

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே, பெயிண்டும் ஆணியும் விற்கிற அந்தக் கடையில், கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு பிளாஸ்டர் பவுடர் மூட்டைக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். யார் பக்கம் பேசினாலும் வம்பு என்று கடைக்காரர் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவசரம் சார். பல்லு கட்டணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். "ஒரு வாய்க்கு இவ்வளவா?"

"ஐயோ, எனக்கில்ல! நான் பல் செட் செய்யிற லேப்ல வேலை பார்க்கிறேன். அச்சு வார்க்கப் பிளாஸ்டர் வேணும். எங்களுக்கு வர வேண்டிய சரக்கு வரல. அங்க ஒரு பெரியவர் பல்லு இல்லாம உட்கார்ந்திருக்கார், பாவம்... உங்க வீட்டுச் சுவத்து ஓட்டையை நாளைக்கு அடைச்சா ஆகாதா?"

"சுவர் இல்லைங்க. மலை."

"மலையா?"

"ஆமா. மலை கட்டிட்டிருக்கேன். பாதிதான் ஆயிருக்கு. அதுக்குள்ள ஒரு குகை. ரயில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வரணும். இன்னைக்கு பவுடர் கிடைக்கலேன்னா மலை மொட்டையாவே நின்னுடும்."

இதை அவன் துளிகூடச் சிரிக்காமல் சொன்னான்... அதுதான் வினையாகப் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்ததிலிருந்து, சிரிப்பு வந்தால் கை தானாகப் போய் வாயை மூடிவிடும். ஊருக்கெல்லாம் வரிசைப் பல் செய்து கொடுக்கிறவள் தன் பல்லை மட்டும் அப்படியே விட்டு வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு இரண்டு கையிலும் மூட்டை. கையை எடுத்தால் மூட்டை போய்விடும்! வேறு வழியில்லாமல், மூடாமல் மறைக்காமல், முழுசாகச் சிரித்துவிட்டாள்.

அவன் பிடி தளர்ந்தது. மூட்டை மொத்தமும் அவள் பக்கம் வந்துவிட்டது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை... மழைத்துளி சொட்டுகிற புருவத்துக்குக் கீழே அந்தக் கண்கள் இமைக்க மறந்து நின்றன.

'இப்படியா ஒரு மனுஷன் பார்ப்பான்!' அவளுக்குக் காது சூடாயிற்று.

கடைக்காரர்தான் ஒரு காலிப் பையைக் கொண்டுவந்து பவுடரைப் பிரித்துக் கொட்டினார். "பல்லுக்குப் பாதி, மலைக்குப் பாதி. என்னை விட்டுடுங்க" என்றார்.

"மலை முடிஞ்சா சொல்றேன். வந்து பாருங்க" என்று அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினான்.

மலையைப் பார்க்கத்தான் போனாள். சத்தியமாக அதற்குத்தான்... என்று போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் லிப்ட் மெக்கானிக். அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தான். குடியிருந்தான் என்பதுகூடத் தப்பு. அறை முழுக்க மேசை, மேசை முழுக்க ஒரு நாட்டுப்புறம், மிச்சமிருந்த ஓரத்தில் ஒரு கட்டில். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் பரப்பிய வயல்கள், ஸ்பாஞ்சைப் பிய்த்துச் செய்த மரங்கள், துடைப்பக்குச்சி வேலி, கண்ணாடித் துண்டில் ஒரு குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லெவல் கிராசிங். தீப்பெட்டி உயரத்துக்கு ஒரு ஸ்டேஷன். எல்லாவற்றுக்கும் பின்னால், அவள் விட்டுக்கொடுத்த பாதிப் பிளாஸ்டரில் எழும்பிய மலை.

ரயில் வந்தது. குகையிலிருந்து மூக்கை நீட்டி, வயலைச் சுற்றி, குளத்தில் நிழல் காட்டி... ஸ்டேஷனை ஏறிட்டும் பார்க்காமல் போய்விட்டது.

"ஏன், ஸ்டேஷன்ல நிக்காதா?"

"நிக்காது."

"லிப்டை மாடிக்கு நேரா, நூல் பிசகாம நிறுத்துறீங்க. இந்தச் சுண்டைக்காய் ரயிலை நிறுத்தத் தெரியாதா?"

"நிறுத்திடலாங்க. திரும்பக் கிளம்பணுமே... பழைய இன்ஜின். நின்னுட்டா சில நேரம் விரலால ஒரு தள்ளு தள்ளினாத்தான் நகரும். அதான் ஓடுறவரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் யோசித்து, "அதுவுமில்லாம, இறங்க ஏற இங்க யாரு இருக்கா?" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயலில் ஆள் இல்லை. கேட்டில் ஆள் இல்லை. ஸ்டேஷனில் ஒரு ஈ காக்காய் இல்லை. 'இவ்வளவு ஆசையா ஒரு ஊரைக் கட்டிட்டு, அதுல யாருமே வேண்டாம்னு ஒருத்தருக்கு எப்படித் தோணும்?' ஏனோ அவளுக்கு மனசு கனத்தது.

"நல்லா பார்த்துக்கோம்மா, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று டீயோடு வந்தாள் அண்ணி, நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. "குழந்தை பிறந்தா எங்களுக்கு இந்த ரூம் வேணும். நூலகத்துல குழந்தைங்க ஹால்ல வெச்சுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா ஓட்டிக் காட்டணுமாம். மக்கர் பண்ணாம ஓடினாத்தான் இடம். இல்லேன்னா பிரிச்சுக் கட்ட வேண்டியதுதான்."

"மலையைப் பிரிக்க முடியாது அண்ணி" என்றான் அவன் மெதுவாக. "உடைக்கத்தான் முடியும்."

அந்தக் குரல் அவளை என்னவோ செய்தது.

அடுத்த தடவை வந்தபோது அவள் கையில் ஒரு சின்ன டப்பா. உள்ளே பஞ்சின்மேல் ஆட்கள்! கலப்பைக்காரன், கேட் கீப்பர், மாடு மேய்க்கிற பெண், நாலு மாடுகள். பல் செட் செய்கிற அக்ரிலிக்கில், பல்லைச் செதுக்குகிற ஊசியாலேயே செதுக்கியவை. லேபில் இருப்பதே இரண்டு நிறம்தான். பல்லுக்கு வெள்ளை, ஈறுக்கு ரோஸ். அதனால் மாடெல்லாம் வெள்ளை, மனுஷரெல்லாம் ரோஸ்.

"என்னங்க இது, ஊரே வெட்கப்பட்டுக்கிட்டு நிக்குது!"

"இத்தனை நாள் யாரும் பார்க்காத ஊர்ல திடீர்னு ஒரு ஆள் வந்து பார்த்தா வெட்கம் வராதா?"

அப்புறம் அவள் வருவது வழக்கமாயிற்று. அவன் தண்டவாளத்துக்கு அடியில் ஒயர் இழுப்பான். அவள் மரத்துக்கு இலை ஒட்டுவாள். பேசுவார்கள்... பேசாமலும் இருப்பார்கள். கடைசியாக அவள் செய்து கொண்டுவந்தது ஒரு பெண். ரோஸ் குடை பிடித்த பெண். அவளை ஸ்டேஷனில் நிற்க வைத்தாள்.

"இது யாரு?"

"ரயிலுக்குக் காத்திருக்கிறவ."

"நம்ம ரயில்தான் நிக்காதே!"

"அது அவளுக்குத் தெரியாது, பாவம்."

நம்ம ரயில்... நம்ம ரயில் என்றானே! வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓட்டிக் காட்டுகிற நாளும் வந்தது. மலை உடையாமல் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் நூலக ஹாலில் வைத்தாயிற்று. வைத்த கையோடு அவனுக்கு ஒரு போன். யாரோ லிப்டில் மாட்டிக்கொண்டார்களாம். "இதோ வந்துடறேன். தூசி மட்டும் விழாம பார்த்துக்கோங்க, அது போதும்" என்று ஓடினான்.

அது போதுமா அவளுக்கு? தண்டவாளம் மங்கிக் கிடந்தது. அவள் தொழிலில் எந்த வேலையும் பளபளப்பு ஏற்றாமல் முடிவதில்லை. பல் செட்டாக இருந்தால் இப்படியா அனுப்புவாள்? கைப்பையில் பாலிஷ் கட்டி இருந்தது. துணியில் தேய்த்து, குகைக்குள்ளும் கையை விட்டு, ஒரு இடம் விடாமல் ஆசை ஆசையாகத் தேய்த்தாள். தண்டவாளம் கண்ணாடியாக மின்னியது. அவன் பார்த்து அசந்துபோவான் என்று நினைத்தாள்.

அசந்துதான் போனான். குழந்தைகள் சுற்றி நிற்க, நூலக மேடம் நாற்காலி போட்டு உட்கார, அவன் சுவிட்சைத் திருகினான். ரயில் ஒரு முழம் போனது... உதறியது... நின்றது. தள்ளினான். மறுபடியும் நின்றது. குழந்தைகள் களுக்கென்று சிரித்தார்கள். அவன் தண்டவாளத்தில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தான்.

"இதுல என்ன தடவினீங்க?"

"பாலிஷ்... பல் செட்டுக்குப் போடுறது. பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..."

"அது மெழுகுங்க! சக்கரத்துக்குக் கரண்ட்டே தண்டவாளத்துலேர்ந்துதான் வருது. அதுமேல மெழுகைப் பூசினா எப்படி ஓடும்? யாருங்க உங்களைக் கேட்டா?"

குழந்தைகளெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. "யாரும் கேக்கலதான். மன்னிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் வெளியே வந்துவிட்டாள். மழை பெய்துகொண்டிருந்ததே நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கே அவன் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுநாளும் செய்தான். எடுக்கவில்லை. அப்புறம் அவன் செய்யவில்லை... அதற்கும் கோபம் வந்தது அவளுக்கு! 'தப்பு என்னுதுதான். அதுக்காக அத்தனை பேருக்கு முன்னாலயா?' என்று ஒரு மனசு. 'அந்த மலையை உடைச்சுட்டா?' என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் ஒருவருடைய கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

அண்ணிதான் லேபுக்குப் போன் செய்தாள். "சனிக்கிழமை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்காங்க. அதுலயும் மக்கர் பண்ணினா அன்னைக்கே காலி பண்ணணுமாம். உன்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில், குழந்தைகள் வருமுன்னே அவள் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுமாக நூலகத்தில் நின்றாள். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்துவிட்டு, அவன் கண்ணில் படாமல் போய்விட வேண்டும்... அதுதான் திட்டம். ஹாலில் யாரும் இல்லை. மேசையைச் சுற்றித் தரைவரைக்கும் துணி தொங்கியது. அவள் குனிந்து தண்டவாளத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். ஸ்டேஷனுக்கு வந்ததும் கை நின்றது.

"என்னடி, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறே?" என்றாள் ரோஸ் குடைக்காரியிடம். "தண்டவாளத்தைத் துடைக்கத்தான் வந்தேன். அந்த மலைக்காரரைப் பார்க்க வரல... சரி, பார்க்கவும்தான் வந்தேன்னு வெச்சுக்கோயேன். யாருங்க உங்களைக் கேட்டான்னு கேட்டார்ல? யாரும் கேக்கலடி. யாரும் கேக்காமயே எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு. அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?"

மேசைக்கு அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம். "ஆ!" என்று ஒரு குரல்.

துணி விலகியது. ஒரு கையில் ஒயரோடு, மறுகையால் தலையைத் தேய்த்தபடி அவன் வெளியே வந்தான்.

அவளுக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. "எ... எப்பலேர்ந்து இருக்கீங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலேர்ந்து."

"அப்ப எல்லாம் கேட்டுட்டீங்களா?"

"கேட்டதாலதான் இடிச்சுக்கிட்டேன்." சிரிக்கவில்லை அவன். "தண்டவாளத்தை நான் அன்னைக்கே துடைச்சுட்டேங்க. துடைக்க முடியாதது நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். நீங்க போனை எடுத்திருந்தா மன்னிப்பு கேட்டிருப்பேன். எடுக்கலேன்னதும் எனக்கும் வீம்பு வந்துடுச்சு... தப்பு. ரொம்பத் தப்பு."

"அடியில என்ன பண்ணிட்டிருந்தீங்க?" தலை நிமிராமல் கேட்டாள்.

"ஓடும்போது பாருங்க."

கதவு திறந்தது. குழந்தைகள் திமுதிமுவென்று வந்தார்கள். நூலக மேடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சுவிட்ச் திரும்பியது.

ரயில் கிளம்பியது. வயல், குளம், லெவல் கிராசிங்... குகைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. வந்து, வேகம் குறைந்து, குறைந்து... ஸ்டேஷனில், ரோஸ் குடைக்காரிக்கு நேராக, நின்றேவிட்டது.

"போச்சு! மறுபடியுமா?" என்றார் மேடம்.

தள்ளிவிடலாமென்று அவள் கை தன்னால் நீண்டது. அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான். "தள்ளாதீங்க..." அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவனுக்கும் பயம்தான்!

இன்ஜினுக்குள் மெல்ல ஒரு முனகல். சக்கரம் ஒரு நூல் அசைந்தது... பிறகு, யாரும் தொடாமல், தானாகவே ரயில் கிளம்பிப் போனது. குழந்தைகள் கூரை அதிரக் கத்தினார்கள். அடுத்த சுற்றிலும் நின்றது, கிளம்பியது. அதற்கடுத்த சுற்றிலும்.

"நான் பயந்தே போயிட்டேன்" என்றார் மேடம். "நிக்காம ஓட்டியிருக்கலாம்ல?"

"நின்னு தானா கிளம்பற மாதிரி நான்தான் அடியில ஒயரை மாத்தினேன். ஸ்டேஷன்ல ஆள் நிக்குது மேடம். பார்த்தும் பார்க்காத மாதிரி எப்படிப் போறது?"

மேடம் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விடாமல் பிடித்திருந்த கையையும் பார்த்தார். "சரி, சரி. இங்கயே இருக்கட்டும். ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம், சாரல் அடிக்கும்" என்று எழுந்து போனார்.

குழந்தைகள் ரயிலோடு சேர்ந்து மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கடையில நீங்க சிரிச்சீங்களே... அப்பவே சொல்லியிருக்கணும். நின்னுட்டா திரும்பக் கிளம்ப முடியாதோன்னு இன்ஜினுக்கு மட்டும் இல்லைங்க, எனக்கும் பயம். இப்ப இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தத் தெத்துப்பல்லை ரொம்பப் பிடிச்சிருக்கு. கடைசிவரைக்கும் என்கூட இருப்பீங்களா?"

கண்ணில் நீர் முட்டியது அவளுக்கு. அப்போதும் குறும்பு போகவில்லை.

"யாருங்க உங்களைக் கேட்டா?" என்றாள்.

அவன் முகம் ஒரு நொடி தொங்கிப்போனது. "இருப்பேன்... இருப்பேன்" என்று அவசரமாகச் சொன்னாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் ஸ்பிரிட் பாட்டில், இன்னொரு கை அவனிடம். வாயை மூட அவளுக்குக் கை இல்லை... மூட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.