காவலரண் முன்னால் கண் சிமிட்டிய வான்

2008 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. ஒரு பழைய வானின் முன்விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன என்பதற்காக, அதை ஓட்டிவந்த சுதாகரன் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டிருந்தான். விளக்கைச் சோதிக்க வேண்டியவர்கள் மனிதனை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை, புளியந்தீவில் வாகனக் காப்புறுதி மதிப்பீட்டாளராக இருந்த தெல்மாவின் வீட்டுக்குச் சுதாகரனின் மனைவி புஸ்பம் மழையில் நனைந்தபடி வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே அயல்வீட்டு நல்லரத்தினமும் குடையோடு வந்து சேர்ந்தார். தெல்மாவிடம் யார் என்ன சிக்கலைக் கொண்டுவந்தாலும் அதைத் தமதாக்கிக்கொள்வது அவர் வழக்கம்.

"அக்கா, இண்டைக்கு மத்தியானம் ஜீப் வருதாம். அவரைக் கொழும்புக்குக் கொண்டு போகப்போறாங்களாம். அங்க கொண்டு போன ஆக்கள் எத்தின பேர் திரும்பி வந்த?"

"அழாம இருகா. நடந்ததைச் சொல்லு."

படுக்கையும் கழுவுதொட்டியும் பொருத்திய அந்த வானில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியர் ஊர் சுற்ற வந்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கடல் பொங்கிய நாளில் அது உப்புநீரில் மூழ்கியது. அவர்கள் கைவிட்டுப் போனதை ஒரு சங்கம் திருத்தி, நான்கு பெரிய விளக்குகளை உள்ளே பூட்டி, நடமாடும் மருத்துவ வண்டியாக்கியது. முந்தாநாள் மாலை சுதாகரன் அதில் தனியாகப் பனிச்சங்கேணியிலிருந்து திரும்புகையில், வாவியோரக் காவலரணின் முன்னால் அதன் விளக்குகள் சிமிட்டின. அக்கரைக் காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்குச் சைகை காட்டினான் என்பது சுதாகரன்மீது குற்றச்சாட்டு.

"ஆமிச் சென்றிக்குக் கிட்டப் போனாத்தான் இந்தச் சனியன் கூத்தாடுது எண்டு அவர் சொல்லுவார். றோட்டில ஓடக்குள்ள ஒண்டும் இல்ல. போன மாசம் மதுரன்ர கராஜில வெள்ளைப் பெயின்ற் அடிச்சு எடுத்த பிறகுதான் இந்தக் கரைச்சல்."

"பியூஸ்தான் பிள்ள! நான் அப்பவே சொன்னன்," என்றார் நல்லரத்தினம்.

"எப்ப சொன்னீங்க அண்ணன்? இப்பதானே கேள்விப்பட்டீங்க," என்ற தெல்மா, கருவிப்பெட்டியை எடுத்தாள்.

விபத்து வண்டிகளைப் பார்க்கக் காவல் நிலையத்துக்கு அடிக்கடி வருபவள் என்பதால், பொறுப்பதிகாரி அவளையும் கூடப்போன இருவரையும் தடுக்கவில்லை. தகரக் கொட்டகைக்குள் வான் பளபளவென்று நின்றது. பூச்சு முடித்துத் திருப்பிக் கொடுக்கையில் விளக்குகளில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்த மதுரனும் அழைக்கப்பட்டிருந்தான். அவன் முன்விளக்குகளைப் போட்டுக் காட்டினான். அவை சற்றும் அசையாமல் எரிந்தன.

"பாத்தீங்களா அக்கா? பல்ப் நல்லம், பியூஸ் நல்லம், சுவிச்சும் நல்லம். கெட்டது ஆள்தான்."

"உன்ட வாய்க்குத்தான் ஒரு பியூஸ் போடோணும் மனே!" என்று சீறினார் நல்லரத்தினம்.

தெல்மா இருவரையும் பொருட்படுத்தவில்லை. காவலரணிலிருந்து சாட்சியாக வந்து நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: வான் நின்றபோது சாரதியின் முகம் தெரிந்ததா? தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது. முன்விளக்குகளோடு சேர்ந்தே அப்படி நடந்தது என்றான் அவன்.

"அண்ணன், சாரதி சீற்றில ஏறி இருங்க. ஒரு கையால முன்விளக்குச் சுவிச்சைப் பிடிங்க. மற்றக் கையால உள்லைற்றை அணையுங்க."

நல்லரத்தினம் உடம்பை முறுக்கி எட்டிப் பார்த்தார். உள்விளக்குச் சுவிச்சோ பின்னால், கழுவுதொட்டிக்கு அப்பால் இருந்தது. "இதுக்கு எனக்கு இன்னொரு கை முளைக்கோணும் பிள்ள!"

"வானில சுதாகரன் தனிய. முகம் மறைஞ்சதெண்டா உள்லைற்றும் ஹெட்லைற்றும் ஒண்டா அணைஞ்சிருக்கு. அப்ப அணைச்சது அவன் இல்ல," என்ற தெல்மா, மதுரனிடம் திரும்பினாள். "நீ சோதிக்கக்குள்ள உள்லைற்றையும் போட்டுப் பாத்தியா?"

"கராஜில ஆரக்கா உள்லைற் போடுற?"

"அதுதான். எங்கட ஊரில அதை ஒரு இடத்திலதான் போடுறம். சென்றிக்கு முன்னால ஹெட்லைற்றை டிம் பண்ணி, ஆமிக்கு முகம் தெரிய உள்ள வெளிச்சம் போடோணும். ரெண்டும் ஒண்டா எரியிறது அங்க மட்டுந்தான்."

அவள் இரண்டையும் எரியவிட்டாள். ஒன்றும் நிகழவில்லை. கொழும்பு ஜீப் வாயிலுக்குள் நுழைந்து நின்றது. புஸ்பம் கொட்டகைத் தூணை இறுகப் பற்றினாள். மதுரனின் உதட்டில் சிரிப்பு அரும்பியது. ஜீப்பின் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

வான் முழுவதும் இருண்டது. சற்றுப் பொறுத்து, எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. மறுபடியும் அணைந்தன.

பொறுப்பதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எல்லா விளக்கிலயும் இருந்து கறன்ற் திரும்பிப் போற எர்த் வயர் வந்து சேருறது இந்த ஒரு போல்டிலதான்," என்று வானின் உடம்பில் ஒரு போல்டைச் சுட்டிக்காட்டிய தெல்மா, அதே சொற்களை அவருக்குச் சிங்களத்திலும் கூறினாள். "ஹெட்லைற் மட்டும் எரிஞ்சா ஒரு மாதிரித் தாங்கும். உள்லைற்றும் சேர்ந்தா போல்ட் சூடாகித் தொடுப்பு விடும். ஆறினா திரும்பத் தொடும்."

அவள் ஒரு வயரைப் பற்றரியிலிருந்து அந்த எர்த் வயர்களுக்கு நேராகப் பிடித்தாள். விளக்குகள் நிலையாக எரிந்தன. எடுத்தாள், சிமிட்டின. பிறகு போல்டைக் கழற்றிக் காட்டினாள். அது உட்கார்ந்த இடத்தில் புது வெள்ளைப் பூச்சு. அதைச் சுரண்டினால், கடல்நீர் தின்ற செந்துரு.

"துருவைச் சுரண்டாம, அதுக்கு மேல பெயின்ற் அடிச்சு, அதுக்கு மேல போல்டைப் பூட்டினது ஆர்?"

மதுரன் தலை கவிழ்ந்தான். "அவரைப் பிடிச்ச அண்டைக்கே எனக்கு விளங்கிற்றக்கா. சொன்னா என்னையும் உள்ள போட்டிருவாங்க எண்டு பயந்திற்றன்."

"அதுக்காக என்ட மனிசனை அனுப்பப் பாத்தியாடா?" என்றாள் புஸ்பம். 

ஜீப் வெறுமையாகத் திரும்பியது. மதுரனே உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெளிறித் தெரியும்வரை துருவை அகற்றிப் போல்டைப் பூட்டினான். மாலையில் அதே காவலரணுக்கு அந்த வான் வந்தது. சுதாகரன் முன்விளக்குகளைத் தணித்தான். புஸ்பம் பின்னால் எழுந்துபோய் உள்விளக்குகளைப் போட்டாள். சிப்பாய் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு முகங்களும் மறையவேயில்லை.

வாசகரே, 'பிழை காணவில்லை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடுகிறவர் உமது ஊரிலும் இருக்கிறார். எந்தெந்த விளக்குகளை ஒன்றாக எரித்துப் பார்த்தீர் என்று அவரிடம் இன்றே கேளும். விடை வரும்வரை அவருடைய வாசலை விட்டு நகராதீர்.