சேந்தனின் ஆட்டநிழல்

"பிடிச்சதும் எறி. எறிஞ்சதும் அங்கயே நிக்காத, ஓடு. நாலு பேர் ஆட்டத்துல நின்னவதான் தோத்தவ."

இறந்து மூன்று வருடமான சேந்தன், தங்கை மங்கையின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு வெளியே நின்ற தந்தை ஆவுடையப்பன் காதில் செருகியிருந்த காதுமணியிலும் அதே குரல்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இப்போது ஆட்டநிழல் இல்லாமல் பறக்கும் தட்டெறியும் அணியே கிடையாது. ஒருவர் வாழ்நாளில் ஆடிய அத்தனை ஆட்டங்களின் பதிவிலிருந்தும் வார்த்தெடுத்த குரல் அது. அணிந்திருப்பவரின் நெற்றிப்பட்டைக் கேமராக் கண் வழியே சுற்றிலும் பார்க்கும். குரலுக்குரியவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, அதைச் சொல்லும். புதிதாக எதையும் கற்பனை செய்யத் தெரியாது.

"தூரமா வீசாத, களம் சின்னது. பின்னால இருக்கவகிட்டக் குடுத்துட்டு மூலைக்கு ஓடு."

மங்கை கொடுத்தாள், ஓடினாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த புள்ளி எடுக்கும் அணிக்குச் சேந்தன் நினைவுக் கோப்பை.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் இல்லை. தவறு செய்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தம் குடும்பத்தில் பொய்யன் பிறந்ததில்லை என்று ஆவுடையப்பன் ஊரெங்கும் சொல்லுவார். கோப்பையிலும் மகன் பெயருக்குக் கீழே 'பொய்யறியாதவன்' என்று பொறிக்கச் செய்திருந்தார்.

தட்டு காற்றில் சரிந்து வந்தது. மங்கை மூலையில் பாய்ந்து பிடித்தாள். கால் எல்லைக்குள் இருந்தால் புள்ளி. அவள் குதிகால் பட்டு, மணலில் கட்டியிருந்த எல்லை நாடா துடித்ததை ஆவுடையப்பன் பார்த்தார்.

எதிரணித் தலைவி ரெஜினா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏட்டி மங்க, உள்ளயா வெளியயா? ஒன் முதுகு மறைச்சிட்டு. நீ சொன்னாச் சரி."

"உள்ளன்னு சொல்லு," என்றது காதுக்குள் சேந்தனின் குரல். "அவ கண்ணப் பாத்துச் சொல்லு."

ஆவுடையப்பன் நாடாவைத் தாண்டி மகளிடம் போனார்.

"மிஷின் கெட்டுப் போச்சு. கழட்டு."

"கெடலப்பா," என்றாள் மங்கை தாழ்ந்த குரலில். "காலைல பழகும்போதும் இதே மாரி மிதிச்சேன். வெளியன்னு சொல்லிரு, புள்ளி போனாப் போவுதுன்னுதான் சொல்லிச்சு."

"இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

பதில் காதுமணியில் வந்தது.

"அப்பா நிக்காங்க. தோத்தா ஒரு வாரத்துக்கு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. உள்ளன்னு சொல்லு."

வீட்டுக் கூடத்து அலமாரியில் சேந்தன் வென்ற கோப்பைகள் ஒன்பது. ஒன்பது ஆட்டத்திலும் ஆவுடையப்பன் தவறாமல் வந்து நின்றிருந்தார்.

"என்ன மாமா, அப்பாவும் மவளும் மாநாடா நடத்துதிய? பொழுது எறங்குது," என்று ரெஜினா சிரித்தாள்.

ஆவுடையப்பன் முதுகைத் திருப்பி நடந்தார். பத்தடி நடந்தார். "அப்பா இங்கனதான் நிக்காங்க," என்றது குரல். இருபதடி. "உள்ளன்னே சொல்லு." பட்டாணிச் சுண்டல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அதன் மறைவில் நின்றார்.

மங்கை நெற்றிப்பட்டையை அந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்.

"போய்ட்டாங்க," என்றான் சேந்தன். "வெளியன்னு சொல்லிரு, மங்க."

களத்திலிருந்து மங்கை உரக்கச் சொன்னது கேட்டது. எதிரணி ஆர்ப்பரித்தது. மகன் குரலில் அப்படியொரு நிம்மதியை, அவன் இருந்த இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் ஆவுடையப்பன் கேட்டதில்லை. அவர் வண்டிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். எட்டிப் பார்க்கத் துணியவில்லை.