நூற்று எண்பத்தேழாம் விதி

வெண்குழிக் குவிமாடத்தில் பள்ளி தொடங்கியதும் முதலில் பேசுவது ஆசிரியர் அல்ல, மாணவர்களின் கழுத்து. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அணியும் கழுத்துப் பட்டையில் பொருத்தப்பட்டிருக்கும் நடத்தைமானி, முந்தைய நாள் அவரவர் நடந்துகொண்ட விதத்தை எல்லோரும் கேட்க ஒப்பிக்கும். “குறுக்கே பேசியது பதினொரு முறை. முகம் சுளித்தது நான்கு. நன்றி சொல்ல மறந்தது இரண்டு.” நிலவில் பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்டபடியே காலணியை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் வெட்கப்படுவதில்லை.

ரோபோ அணியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டை விளையாட்டல்ல. அணி நூறு மதிப்பெண்ணோடு பருவத்தைத் தொடங்கும். கத்தினால் மூன்று போகும், பறித்தால் ஐந்து. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் அணியே போட்டியிலிருந்து நீக்கப்படும்.

ஃபர்ஹானாவின் அணி இறுதிப்போட்டிக்கு நாற்பத்தொரு மதிப்பெண்ணோடு வந்து சேர்ந்தது. போனதில் பாதிக்குமேல் அவளுடைய குரலால் போனது. அவள் அப்பா காற்றழுத்தக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அந்த இரைச்சலுக்குப் பழகிய குடும்பத்தில் “இன்னும் கொஞ்சம் சோறு போடு” என்பதையே கூவித்தான் சொல்வார்கள்.

“கண்ணு, இன்னைக்கு ஒருநாள் நீ வாயைத் தொறக்காத. மைக் கபிலன்கிட்டயே இருக்கட்டும்” என்றார் அணியின் பொறுப்பாசிரியை எமல்டா.

“குண்டுமணிக்கு மூளை எழுதினதே நான்தானே மிஸ்?”

“எழுதிட்டல்ல? இனி அது பாத்துக்கும்.”

ஃபர்ஹானா தரையைப் பார்த்துக்கொண்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் மதிப்பெண் போகும்.

குண்டுமணி என்பது அவர்கள் அணியின் ரோபோ. ஆறு சக்கரம், இரண்டு கை, பானை போன்ற வயிறு. வெளியே காற்றில்லாத பள்ளத்தில் மூன்று அணிகளின் ரோபோக்களும் பனிக்கட்டியைத் தோண்டித் தொட்டியில் நிரப்ப வேண்டும். வெல்லும் அணி தென்துருவப் பனித்தேடலுக்கு ஒரு வருடம் போகும். வெண்குழிக்கு வெளியே எதையுமே பார்த்திராத பிள்ளைகளுக்கு அது எப்பேர்ப்பட்ட பரிசு!

கண்ணாடிக் கூடத்தில் எல்லோரும் அமர்ந்திருந்தார்கள். ரோபோவுக்குக் கட்டளையிடுபவரைத் தவிர வேறு யார் பேச விரும்பினாலும் கையை உயர்த்திவிட்டு, மேஜையில் பச்சை விளக்கு தானாக எரியும்வரை காத்திருக்க வேண்டும். கபிலன் தாழ்ந்த குரலில் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தான். குண்டுமணி முன்னணியில் இருந்தது.

இருபதாவது நிமிடத்தில் பக்கத்து அணியின் ரோபோ விளக்குக் கம்பம் ஒன்றின் அடியையே தோண்டிவிட்டது. கம்பம் சாயத் தொடங்கியது. அதற்குக் கீழே, முதுகைக் காட்டியபடி குனிந்து எல்லைக்கொடி நட்டுக்கொண்டிருந்தார் களப்பணியாளர் சவரிராஜ். காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது. நிலவில் எதுவும் மெதுவாகத்தான் விழும் என்றாலும், தலைக்கவசக் கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்தாலே மனிதர் பிழைக்கமாட்டார்.

கூடத்தில் அறுபது கைகள் உயர்ந்தன. மேஜைகளில் ஒரு விளக்கும் எரியவில்லை. சவரிராஜை அழைக்கும் வானொலி நடுவர் மேஜையில் இருந்தது. நடுவர்கள் மூவரும்கூடக் கையை உயர்த்தியபடிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பத்தைக் கவனிக்காமல் பனித்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்த கபிலன் கையிலிருந்த மைக்கை ஃபர்ஹானா பிடுங்கினாள்.

“குண்டுமணி! பனியைப் போடு! கம்பத்தைப் பிடி! ஓடு!”

கண்ணாடி அதிர்ந்தது. குண்டுமணி வயிற்றிலிருந்த பனியை அப்படியே கொட்டிவிட்டுப் பாய்ந்தது. சவரிராஜின் தலைக்கு ஒரு முழம் மேலே கம்பம் அதன் இரண்டு கைகளுக்குள் வந்து நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குழந்தையைப்போல் தவழ்ந்து வெளியே வந்தார்.

கூடத்தில் முதலில் பேசியது ஃபர்ஹானாவின் கழுத்துப் பட்டை. “பறித்தல், ஐந்து. கத்துதல், மூன்று. மீதம் முப்பத்து மூன்று. அணி நீக்கப்பட்டது.”

தலைமை நடுவர் சிற்றம்பலம் எழுந்தார். போட்டிக் குழுவின் தலைவரும் அவர்தான். “மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா விதின்னா விதிதானே?”

“எத்தனாவது விதி சார்?” ஃபர்ஹானா கேட்டாள். குரல் தாழவில்லை.

அவர் பக்கத்து நடுவரைப் பார்த்தார். அந்த நடுவர் எமல்டாவைப் பார்த்தார். எமல்டா தன் கைப்பையைப் பார்த்தார்.

“இங்க யாராவது அதை முழுசாப் படிச்சிருக்கீங்களா?” என்றான் கபிலன்.

இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். எல்லோரும் ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தியிருந்தார்கள். சிற்றம்பலம் அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் மூன்று விநாடி என்று கூடத்துத் திரை காட்டிக்கொடுத்தது.

“நானும் படிக்கல சார்” என்றாள் ஃபர்ஹானா. “ஆனா ரோபோக்களுக்கு முழுசா ஏத்தினாத்தான் களத்துல இறக்குவாங்க. குண்டுமணி, சொல்லு. ஆபத்துல கத்தினா என்ன விதி?”

கம்பத்தைப் பிடித்தபடியே குண்டுமணி ஒலிபெருக்கி வழியே சொன்னது: “விதி நூற்று எண்பத்தேழு. உயிராபத்தில் செய்யும் எதற்கும் மதிப்பெண் குறைக்கக்கூடாது. ஆபத்தைக் கண்டும் பச்சை விளக்குக்காகக் காத்திருப்பவர், ஒப்பமிட்டவர் எவராயினும், அன்றே தகுதி இழப்பார்.”

நடத்தைமானிகள் ஒரு கணம் யோசித்தன. ஃபர்ஹானாவின் அணி மீண்டும் நாற்பத்தொன்றுக்கு ஏறியது. மற்ற இரு அணிகளும் திரையிலிருந்து மறைந்தன. அவற்றைத் தொடர்ந்து மூன்று நடுவர்களின் பெயர்களும் மறைந்தன.

அப்போது பக்கத்து அணிப் பெண் ஒருத்தி கையை உயர்த்தாமலே “ஃபர்ஹானா!” என்று கத்தினாள். அவ்வளவுதான். ஏழு வயதிலிருந்து கழுத்துக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் ஒன்றாக வெடித்தது. பட்டைகள் கணக்கெடுக்க முடியாமல் திணறி ஓய்ந்தன. அழுத்தக் கதவைத் திறந்து தூசியும் கண்ணீருமாக வந்த சவரிராஜ், “எங்க அந்தப் பொண்ணு?” என்று கேட்டு அவளைத் தூக்கிப் போட்டார். நிலவல்லவா? ஃபர்ஹானா கூரைவரை போய், எல்லோருடைய முகத்தையும் மேலிருந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். “தென்துருவம்டா!” என்று கபிலன் தொண்டை கிழியக் கத்தினான்.

வேலை ஒன்று பாக்கியிருந்தது. நடுவர் தகுதி போனாலும், குழுத் தலைவராகச் சிற்றம்பலம் முடிவை உறுதிசெய்ய வேண்டும். குண்டுமணி விதிகளின்படி தயாரித்த முடிவறிக்கை நான்கு பக்கமாகத் திரையில் விரிந்தது.

“படிச்சிட்டுப் போடுங்க சார்” என்றாள் ஃபர்ஹானா. அவள் அப்போது மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். கண்கள் அகலமாக விரிந்திருந்தன. “நெஜமாத்தான் சொல்றேன். ஒரு தடவை படிச்சிடுங்க.”

“எல்லாம் வழக்கமா இருக்கறதுதானேம்மா” என்று பெருந்தன்மையாகச் சிரித்து, அவர் கட்டைவிரலை அழுத்தினார்.

ஒலிபெருக்கியில் குண்டுமணி மிகப் பணிவாகக் கேட்டது: “விதி நூற்று எண்பத்தெட்டின்படி, தகுதி இழந்த நடுவருக்கு நாளை முதல் ஓராண்டுக்கு நடத்தைமானி. கழுத்து அளவு சொல்லுங்கள், ஐயா.”